முன் எண் குளிருக்கு, பின் எண் இன்ஜினுக்கு

"நம்ம வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் சார் தாங்கும்." சென்னை ஒர்க்‌ஷாப்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. இதில் பாதிதான் சரி. கெட்டியான 20டபிள்யூ-50, நீர்த்த 0டபிள்யூ-20 இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எந்தப் பாதி என்று தெரியும்.

முதலில் குளிர். டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண் அதற்குத்தான். எஸ்ஏஇ ஜே300 தரவரையறைப்படி 0டபிள்யூ ஆயில், மைனஸ் 35 டிகிரியில் கிராங்க் சுழல இடம் கொடுக்க வேண்டும். மைனஸ் 40-இல் பம்ப் இழுக்கும்படி இளகியிருக்க வேண்டும். 20டபிள்யூவுக்கு இதே சோதனைகள் மைனஸ் 15, மைனஸ் 20-இல்தான். சைபீரியாவின் யாகுட்ஸ்க் நகரில் ஜனவரிச் சராசரியே மைனஸ் 40-ஐ ஒட்டி நிற்கும். அங்கே 20டபிள்யூ-50 ஊற்றினால் ஸ்டார்ட்டர் திணறும். வண்டி கிளம்பினாலும் பேரிங்குகளுக்கு ஆயில் போய்ச் சேராது. சென்னை மார்கழிக்கு இரண்டுமே தாராளம்.

அடுத்தது சூடு. 100 டிகிரியில் 20 கிரேடின் பாகுநிலை 6.9 முதல் 9.3 சென்டிஸ்டோக்ஸுக்குள்; 50 கிரேடுக்கு 16.3 முதல் 21.9. இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் ரேடியேட்டர் உள்ள காரில், வெளியே பனியோ அக்னி நட்சத்திரமோ, தெர்மோஸ்டாட் தண்ணீரை 90 டிகிரி வாக்கில் பிடித்து வைக்கிறது; ஆயிலும் 100-ஐ ஒட்டியே ஓடும். ஆகவே பின் எண்ணைத் தீர்மானிப்பது ஊர் வெயிலைவிட, இன்ஜினின் இடைவெளிகளும் சுமையும்தான். 0டபிள்யூ-20க்கென்று கட்டிய இன்ஜினில் 20டபிள்யூ-50 ஊற்றினால் காலையில் ஆயில் மெதுவாக ஏறும், பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். தேய்ந்த பழைய இன்ஜினில் நீர்த்ததை ஊற்றினால் ஆயில் அழுத்தம் இறங்கும்.

மெக்கானிக் சொன்னதில் சரியான பாதி, ஏர்-கூல்டு பைக். ரேடியேட்டர் இல்லாததால், மே மாத நெரிசலில் ஊர்ந்தால் அதன் சூடு வெளி வெயிலோடு சேர்ந்தே ஏறும். போதாததற்குப் பெரும்பாலான பைக்குகளில் கியருக்கும் அதே ஆயில்தான். பற்கள் அதை நசுக்கி நீர்க்கச் செய்கின்றன. அங்கே 50 கிரேடுக்கு வேலை உண்டு.

நாட்டுக்கு நாடு கிரேடு மாறுவதற்கு வெயில், பனி மட்டும் காரணமல்ல. அமெரிக்காவில் 1975 சட்டத்தின் வழியே வந்த எரிபொருள் சிக்கன விதி, நிறுவனங்களை நீர்த்த ஆயிலை நோக்கித் தள்ளியது. ஒரு வண்டியில் மிச்சமாவது சொற்பம். லட்சக்கணக்கான வண்டிகளில் அது பெருந்தொகை. அதே இன்ஜினுக்கு வேறு நாட்டுக் கையேட்டில் கெட்டியான கிரேடுகளும் இடம்பெறுவதுண்டு.

ஆகவே முன் எண்ணை ஊரின் மிகக் குளிர்ந்த காலையைப் பார்த்தும், பின் எண்ணைக் கையேட்டைப் பார்த்தும் எடுப்பதே முறை. ஜனவரியில் சென்னைக் காரை லேவுக்கு ஓட்டிப் போகிறவர் யோசிக்க வேண்டியது முன் எண்ணைப் பற்றித்தான்.