இரண்டாம் நிலை மருத்துவர்கள்

போன மாதம் கடற்கரைச் சாலையில் காலை நடை முடிந்து உட்கார்ந்திருந்தபோது, என் பழைய நண்பர் ஒரு குறையைச் சொன்னார். அவருடைய பேத்தி அமெரிக்காவில் பி.ஏ. முடித்திருக்கிறாள். நம் ஊரில் பி.ஏ. என்றால் ஒரு பட்டம். இல்லாவிட்டால் மந்திரியின் பி.ஏ. அங்கே அது பிசிஷியன் அசிஸ்டென்ட். மருத்துவரோடு இணைந்து நோயாளியைப் பரிசோதித்து, நோயைக் கண்டறிந்து, மருந்து எழுதிக் கொடுப்பவர். அறுவை அரங்கில் உதவிக்கு நிற்பவர்களும் உண்டு.

"வேலை தயாரா இருக்கு. இவ என்னடான்னா இன்னும் ஒரு வருஷம் ரெசிடென்சி பண்ணணுங்கிறா. சம்பளம் குறைச்சல். முடிச்சாலும் டாக்டர் ஆக மாட்டா. அதுக்கும் அவ்வளவு போட்டியாம்! வேண்டாம்னு சொல்லப்போறேன். நீ என்னப்பா சொல்றே?"

உடனே பதில் சொல்ல வரவில்லை. பிரெஞ்சுப் பள்ளியில் நான் படித்த 'மதாம் பொவாரி' நாவல்தான் நினைவுக்கு வந்தது. அதன் கதாநாயகி எம்மாவை எல்லோருக்கும் நினைவிருக்கும். எனக்கு அவள் கணவன் சார்லைத்தான் மறக்க முடியவில்லை. அவன் முழு டாக்டர் அல்ல. 'ஒஃபிசியே த சாந்தே'. அந்தத் தேர்விலும் முதல் தடவை தோற்று, பிறகு கேள்விகளையெல்லாம் மனப்பாடம் செய்து தேறியவன்.

இந்தப் பதவியை உண்டாக்கியது 1803 மார்ச் 10-ஆம் தேதிச் சட்டம். புரட்சிக்குப் பிந்திய பிரான்சில் கிராமங்களுக்குப் போதிய டாக்டர்கள் இல்லை. அதனால் மருத்துவர்களை இரண்டு நிலையாகப் பிரித்தார்கள். மேல்நிலையில் டாக்டர், கீழ்நிலையில் ஒஃபிசியே. மருத்துவப் பள்ளியில் மூன்று ஆண்டு படித்தோ, மருத்துவமனையில் ஐந்து ஆண்டு வேலை பார்த்தோ, ஒரு டாக்டரிடம் ஆறு ஆண்டு பழகியோ இந்தத் தேர்வை எழுதலாம். ஆனால் தேறிய மாவட்டத்துக்குள்தான் வைத்தியம் பார்க்க வேண்டும். பெரிய அறுவைச் சிகிச்சை என்றால் பக்கத்தில் ஒரு டாக்டர் இருக்க வேண்டும். தேறியவர்கள் அதே நிலையில் இருந்துகொண்டு மேலும் பயிற்சி பெறச் சட்டத்தில் ஏற்பாடு எதுவும் இல்லை.

நாவலில் சார்ல், இப்போலித் என்பவனின் வளைந்த பாதத்தைச் சரிசெய்யப் புத்தகத்தைப் பார்த்து அறுவை செய்கிறான். கால் அழுகுகிறது. வெளியூரிலிருந்து ஒரு டாக்டர் வந்து அந்தக் காலையே வெட்டி எடுக்கிறார். ஆசிரியர் ஃப்ளோபேரின் தந்தை ரூவான் நகர மருத்துவமனையில் தலைமை அறுவை மருத்துவர். ஆகையால் இந்த இரண்டு நிலை விவகாரம் அவருக்கு வீட்டிலேயே தெரிந்த சங்கதி. 1892 நவம்பர் 30-ஆம் தேதிச் சட்டத்தோடு அந்தப் பதவியே முடிவுக்கு வந்தது.

எழுபது ஆண்டுகள் கழித்து அமெரிக்காவுக்கும் அதே பஞ்சம் வந்தது. அங்கே வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகத்தில் யூஜின் ஸ்டெட் என்ற மருத்துவப் பேராசிரியர், 1965-இல் கடற்படையில் மருத்துவ உதவியாளராக இருந்த நான்கு பேரைச் சேர்த்துக்கொண்டு இரண்டு ஆண்டுப் படிப்பைத் தொடங்கினார். படையில் காயங்களோடு பழகிய அவர்களுக்கு ஊர் திரும்பியபின் அந்த அனுபவத்துக்கு ஏற்ற வேலை இல்லை. அவர்களில் மூன்று பேர் 1967 அக்டோபர் 6-ஆம் தேதி முடித்து வெளியே வந்தார்கள். பி.ஏ. என்ற தொழில் இப்படித்தான் பிறந்தது.

இதுவரை பிரெஞ்சுக் கதையும் இதுவும் ஒன்றுதான். டாக்டர் போதவில்லை, சீக்கிரம் தயாராகும் இன்னொரு நிலையை உண்டாக்கினார்கள். ஆனால் 1971-இல் பாதை மாறியது. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியிலுள்ள மான்டிஃபியோரி மருத்துவமனை, பி.ஏ. முடித்தவர்களுக்கு அறுவைச் சிகிச்சையில் முதல் ரெசிடென்சியைத் தொடங்கியது. 1976-இல் நார்வாக் மருத்துவமனையும் யேல் பல்கலைக்கழகமும் சேர்ந்து இன்னொன்றைத் தொடங்கின. பயிற்சி டாக்டர்களை வாரத்துக்குச் சராசரி 80 மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று 2003-இல் நாடு முழுவதும் விதி வந்தபோது, வார்டுகளில் பயிற்சி பெற்ற பி.ஏ.க்களின் தேவை இன்னும் கூடியது.

இந்த ரெசிடென்சி பெரும்பாலும் ஓராண்டு. கட்டாயம் இல்லை. முடித்தால் ஒரு சான்றிதழ் கிடைக்கும். புதிய உரிமமோ டாக்டர் பட்டமோ கிடையாது. நேராக வேலைக்குப் போனால் வரும் சம்பளத்தைவிட உதவித்தொகை குறைவு. இரவுப் பணியும் உண்டு. அப்படியும் போட்டி ஏன்? ஓரிடத்தில் சேர்ப்பதே சில பேரைத்தான். நம் ஜிப்மரில் மேற்படிப்புக்கு இடம் கிடைப்பது எவ்வளவு பாடு என்று நமக்குத் தெரியும். அங்கே பி.ஏ.க்களுக்கு அப்படி நாடு தழுவிய நுழைவுத் தேர்வு இல்லை. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இந்தப் பிரிவு ஏன் வேண்டும் என்று தன் கைப்பட ஒரு கட்டுரை, படிக்கும்போது வார்டில் வேலை வாங்கிய மருத்துவர்களின் பரிந்துரைக் கடிதங்கள், பிறகு நேர்முகம். மனப்பாடம் செய்து சார்ல் போல நுழைய முடியாது. கூட நின்று வேலை செய்ததைப் பார்த்தவர்கள் சாட்சி சொல்ல வேண்டும்.

நானும் இரண்டாம் நிலையில் இருந்தே ஓய்வு பெற்றவன். கோப்பைப் படித்துக் குறிப்பு எழுதுவது எங்கள் வேலை, கையெழுத்து அதிகாரியுடையது. அதில் எனக்கு வருத்தம் இருந்ததில்லை. வேலையில் சேர்ந்த புதிதில் கணக்குப் பிரிவு வேலையைக் கற்றுக்கொள்ள விரும்பினேன். "உன் சீட்டு வேலையைப் பாரு" என்று மேலாளர் அனுப்பிவிட்டார். அதுதான் இன்றும் உறுத்துகிறது. கீழே இருப்பது குறைவல்ல. கீழே இருப்பவனுக்கு இதற்குமேல் தெரிய வேண்டாம் என்று மற்றவர்கள் முடிவு செய்வதுதான் குறைவு. சார்லின் பதவி அப்படிப்பட்டது. அவன் கத்தியை எடுத்தது தவறுதான். ஆனால் அதைப் பிடிக்க அவனுக்கு யார் கற்றுக் கொடுத்தார்கள்?

இவ்வளவையும் நண்பரிடம் சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, "அப்போ அந்த ஒரு வருஷச் சம்பளம்?" என்றார்.

"போகட்டும்பா. நாளைக்கு ஒருத்தர் வயித்தைத் திறக்கிற இடத்துல நிக்கப்போறா. கத்துக்கிட்டு நிக்கட்டும்" என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி பார்த்தோம். இரண்டு மருத்துவமனைகள் பேத்திக்கு இடமில்லை என்று எழுதிவிட்டனவாம். மூன்றாவது, நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருக்கிறதாம்.

"வேண்டாம்னு சொல்லிட்டியா?" என்று கேட்டேன்.

"இல்லே" என்றார். "இன்னும் நாலு இடத்துக்குப் போட்டு வைன்னு சொன்னேன்."