கன்னத்துக்குள் ஓர் அறை

பல் பிடுங்கிய குழிக்குள் இறகொன்றை நுழைத்துப் பார்த்தாள் ஓர் ஆங்கிலப் பெண். அது போய்க்கொண்டேயிருந்தது, மூளையைத் தொட்டுவிட்டதோ என அஞ்சினாள். இறகு சுருண்டது மேல்தாடையின் சைனஸ் அறைக்குள்தான் என்பதை மருத்துவர் நத்தானியேல் ஹைமோர் தம் 1651ஆம் ஆண்டு நூலில் விளக்கினார்.

கடைவாய்ப் பற்கள் போனபின் இவ்வறை கீழிறங்கும்; எலும்பு மெலிந்து, இம்ப்ளாண்ட் ஊன்ற இடமிராது. சீழ் அகற்றுவதற்காக 1893இல் நியூயார்க்கின் கால்டுவெல் அறைச்சுவரைத் திறந்திருந்தார். அவ்வழியைச் சற்றே மாற்றி, உட்சவ்வைக் கிழிக்காமல் உயர்த்தி, அடியில் எலும்பு நிரப்பியவர் அலபாமாவின் ஹில்ட் டேட்டம்.

முதற்கட்டுரையோ பாய்ன், ஜேம்ஸ் இருவருடையது, 1980இல் வந்தது. டேட்டம் எழுதியது 1986இல். அச்சேறியதே முதல் என்னும் கணக்கை நாம் ஏற்பதற்கில்லை. 1970களிலேயே சக மருத்துவர்கள் முன் அவர் இதைப் பேசிவிட்டார்.