கரவனெல்லைக்கு ஏறிய சவர்க்காரம்

மஞ்சள் சவர்க்காரக் கட்டியின் பூர்வீகம் இங்கிலாந்து. 1880களில் வாரிங்டன் நகரில் வில்லியம் லீவர் சன்லைட் என்னும் அந்தக் கட்டியைக் காய்ச்சத் தொடங்கினார். மாட்டுக் கொழுப்பை நம்பியிருந்த தொழிலில் அவர் கொப்பரா எண்ணெய், செம்பனை விதை எண்ணெய் போன்றவற்றை அதிகம் சேர்த்தார்; நுரை சுலபமாக வந்தது. அவர் தொடங்கிய கம்பெனி 1938இல் கொழும்பு கிராண்ட்பாஸுக்கு வந்தது. களனி கங்கை கடலில் விழுமுன் கடந்து போகிற பக்கம் அது.

அந்நாளில் அங்கிருந்து சவர்க்காரத்தின் பயணம் ஆற்றுக்கு எதிர்த் திசையில். ஒரு காலத்தில் அவிசாவளை வழியாக யட்டியாந்தோட்டை வரை சின்ன ரயில் ஓடியது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அவிசாவளைக்கும் யட்டியாந்தோட்டைக்கும் இடையிலான தண்டவாளத்தைக் கழற்றிவிட்டார்கள். பிறகு எல்லாம் லொறிதான். ஹட்டன் பாதையும் கேகாலைப் பாதையும் சந்திக்கும் கரவனெல்லையில் சரக்கு இறங்கும். சுற்றியுள்ள ரப்பர் தோட்டத்து லயங்களுக்கு இதுதான் கடைத்தெரு. ஆதார வைத்தியசாலையும் இங்கேதான். பிள்ளை பெற்றுத் திரும்புகிற தாய்க்கு பேம்பர்ஸ் கிளினிக் போகும் நாளுக்கு மட்டும்தான் கட்டுப்படியாகும். மற்ற நாளெல்லாம் பழைய சேலை கிழித்த துணி. அதைத் துவைக்க எதை வாங்குவது?

கட்டிக்குப் பக்கத்திலேயே போட்டிக்காரர்கள். வாசனைச் சலவைத் தூள்கள் பலவற்றில் வெண்மை காட்டும் சாயம் உண்டு. கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாக விடுவது அதன் வேலை. துணி வெளுத்ததாகத் தோன்றும், அழுக்கு போயிருக்க வேண்டியதில்லை. துணியை மிருதுவாக்கும் திரவமோ நூலின்மேல் படிந்துகொள்ளும். சேலைக்கு அது சுகம். மூத்திரத்தை உறிஞ்ச வேண்டிய துணிக்கு அதுவே கேடு. குழந்தைப் படம் போட்ட பாக்கெட்டாக இருந்தாலும், வாசனை சேர்த்திருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். பிஞ்சுத் தோலை உறுத்தக்கூடியவற்றில் வாசனையும் ஒன்று. பிள்ளைத் துணிக்கு ஏற்ற சவர்க்காரம், வேலை முடிந்ததும் துணியை விட்டு முழுசாகப் போய்விட வேண்டும்.

போகுமா போகாதா என்பதைக் கடைக்காரரைவிடத் தண்ணீர்தான் தீர்மானிக்கிறது. சப்ரகமுவ மலையில் மழை அதிகம், பாறை கடினம்; பீலியில் விழும் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து குறைவு. சாதாரணக் கட்டியே நுரைத்து, அலசினால் விட்டுவிடும். இதே கட்டியை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனால், சுண்ணக்கல் கிணற்று நீரில் திரிந்து பிசுக்காகத் துணியிலேயே ஒட்டும். அங்கே வாசனையில்லாத சலவைத் தூளே மேல்.

இனித் துணிக்குள் நடப்பது. இரவு முழுவதும் ஊறிய துணியில் மூக்கைத் துளைப்பது அம்மோனியா. மூத்திரத்தின் யூரியாவைக் கிருமிகள் உடைப்பதால் வருவது. ரப்பர் பால் உறையாமலிருக்கத் தொழிற்சாலையில் ஊற்றுவதும் அதே அம்மோனியாதான், ஒரு காரம். காரம் கூடினால் மலத்திலுள்ள நொதிகள் வீரியமாகித் தோலை அரிக்கும். அலசாமல் விட்ட சவர்க்காரமும் காரமே. புண் இன்னும் மோசமாகும். ரப்பர் பாலை உறைய வைக்க அமிலம் விடுவதைப் பார்த்தவர்களுக்கு மீதியை விளக்க வேண்டாம்: கடைசி அலசலில் கொஞ்சம் வினாகிரி கலந்தால் காரம் தணியும். ஆனால் வெளுப்புத் திரவத்தோடு வினாகிரியைச் சேர்க்கவே கூடாது, நச்சு வாயு கிளம்பும். மூத்திரத் துணியை அலசாமல் அந்தத் திரவத்தில் போடுவதும் ஆபத்து.

எந்தச் சவர்க்காரமும் எட்டாத இடம் டிரங்குப் பெட்டி. பூச்சி உருண்டையோடு கிடந்த சேலையை அப்படியே கிழித்துக் கட்டினால், ஜி6பிடி என்னும் நொதி குறைவாகப் பிறந்த பிள்ளைக்கு இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து கடும் மஞ்சள் காமாலை வரலாம். பிள்ளைக்கென்று எடுத்து வைக்கும் துணியில் அந்த உருண்டையே படக்கூடாது. மழைக்காலத்தில் காயாத துணி இன்னொரு தொல்லை. அடுப்பு மேலே கொடி கட்டினால் புகை ஏறும். நன்றாகப் பிழிந்து, காற்றில் உலர்த்தி, அயன் பண்ணிக் கட்டுவது நல்லது.

அலசிய தண்ணீர் கானில் ஓடி, ஓடையில் சேர்ந்து களனியை அடைகிறது. ஆறு திரும்பக் கொழும்புக்குத்தான் போகிறது. அந்த நகரத்துக் குடிநீரில் பெரும்பகுதி அம்பத்தலையில் இதே ஆற்றிலிருந்து எடுக்கப்படுகிறது. கட்டிச் சவர்க்காரம் வழியிலேயே கிருமிகளுக்கு இரையாகிச் சிதையும். கூடப் போகிற மலம்தான் சிக்கல். அதனால் மலத்தை முதலில் கக்கூசில் கொட்டிவிட்டு, துவைத்த நீரை ஓடையில் விடாமல் மண்ணில் ஊற்ற வேண்டும். அதற்கு ஒவ்வொரு லயத்திலும் கக்கூசும் தாராளமாகத் தண்ணீரும் இருக்க வேண்டும். அவை இல்லாத லயத்துக்கு எந்தப் பாக்கெட்டைப் பரிந்துரைத்தும் பயனில்லை.