இன்னாரின் மகன், இன்னாரின் மனைவி: வேல்ஸ் வளவுகளில் நிற்கும் கற்கள்

வேல்ஸின் தென்மேற்கு மூலையில் நெவர்ன் என்றொரு கிராமம் இருக்கிறது. அங்கே புனித பிரைனக் தேவாலயத்தின் வளவுக்குள், வாசல் மண்டபத்துக்குப் பக்கத்தில், ஒரு கல் நிற்கிறது. அதில் இலத்தீன் எழுத்தில் இரண்டே இரண்டு சொல்: 'விட்டாலியானி எமெரெட்டோ'. கல்லின் விளிம்பில் கத்தியால் வெட்டியதுபோல வரிசையாகக் கொஞ்சக் கோடுகள். அவ்வளவுதான். அதே வளவில் பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த, ஏறக்குறைய நான்கு மீற்றர் உயரமான ஒரு சிலுவையும் நிற்கிறது. உடம்பு முழுக்கப் பின்னல் வேலைப்பாடு. படம் எடுக்க வசதியானது அதுதான். ஆனால் நாங்கள் இங்கே கதைக்கப் போவது அந்த அழகான சிலுவையைப் பற்றி அல்ல, பக்கத்தில் நிற்கிற பேசாத கல்லையும் அதன் சொந்தக்காரரையும் பற்றி.

'விட்டாலியானி' என்றால் 'விட்டாலியானுஸினுடைய'. என்ன அவருடையது? கல்லா, கல்லறையா, காணியா? கல் சொல்லாது, வாசிக்கிறவர்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும். 'எமெரெட்டோ' என்பது சேவை முடித்து ஓய்வுபெற்ற உரோமப் படைவீரரைக் குறிக்கிற சொல்லின் தேய்ந்த வடிவம் என்று கருதுகிறவர்கள் இருக்கிறார்கள். பெயர் சுத்த உரோமப் பெயர். விளிம்பில் இருக்கும் கோடுகளோ ஐரிஷ்காரரின் எழுத்து.

கி.பி. 410ஐ ஒட்டி பிரித்தானியாவில் உரோம ஆட்சி முடிவுக்கு வந்துவிட்டது. படை போயிற்று, நிர்வாகம் போயிற்று. மேற்குக் கடலைக் கடந்து அயர்லாந்திலிருந்து வந்தவர்கள் வேல்ஸின் தென்மேற்கில் குடியேறியிருந்தார்கள். இந்தச் சூழலில், ஐந்தாம் நூற்றாண்டிலிருந்து ஏழாம் நூற்றாண்டு வரை, வேல்ஸ் முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட பெயர் பொறித்த கற்கள் நடப்பட்டன. இன்று அவற்றில் பலவற்றைத் தேவாலய வளவுகளிலும் தேவாலயச் சுவர்களிலும்தான் பார்க்கலாம். வேல்ஸ் மொழியில் தேவாலயத்தோடு சேர்ந்த ஊர்ப் பெயர்கள் அநேகமாக 'லான்' என்று தொடங்கும். 'லான்' என்றால் முதலில் அடைத்த நிலம், அதாவது எங்கட பேச்சில் வளவு. பிறகுதான் அது தேவாலயத்தைக் குறிக்கத் தொடங்கியது. (அந்த முதல் எழுத்தின் உண்மையான ஒலியைத் தமிழில் எழுத ஏலாது. ழகரத்தை வைத்துப் பெருமை பேசுகிற எங்களுக்கு இது கொஞ்சம் அடக்கம் கற்றுத்தரும்.)

சரி, அந்தக் கோடுகள். அதற்குப் பெயர் ஓகம். கல்லின் விளிம்பையே நடுக்கோடாக வைத்து, வலப்பக்கம் ஒன்று முதல் ஐந்து கோடு, இடப்பக்கம் ஒன்று முதல் ஐந்து, விளிம்பைக் குறுக்கே வெட்டி ஒன்று முதல் ஐந்து, உயிரெழுத்துக்கு விளிம்பிலேயே சின்னச் சின்ன வெட்டு. இப்படி இருபது எழுத்து. வாசிப்பது கீழிருந்து மேலே. வேல்ஸில் ஓகம் உள்ள கற்கள் முப்பதுக்கும் மேல், அதிகம் தென்மேற்கில்தான். பலவற்றில் இலத்தீனும் சேர்ந்தே இருக்கிறது.

செயின்ட் டாக்மெல்ஸ் என்ற ஊரில் உள்ள கல்லில் இலத்தீன் 'சாக்ரானி ஃபிலி குனோடாமி' என்கிறது. ஓகம் 'சாக்ராக்னி மக்கி குனாடாமி' என்கிறது. இரண்டும் ஒன்றுதான்: குனோடாமுஸின் மகன் சாக்ரானுஸினுடையது. 'ஃபிலி' இருக்கும் இடத்தில் 'மக்கி'. ஒரு காலத்தில் ஓடைக்கு மேலே பாலமாகப் போட்டு ஆட்கள் மிதித்துத் திரிந்த இந்தக் கல்தான், 19ஆம் நூற்றாண்டில் ஓகத்தின் ஒலிகளை உறுதிப்படுத்திக்கொள்ள உதவியது. ஒரு எச்சரிக்கை: மக்கி, மகன் என்று ஒலி ஒத்துப்போகிறதே என்று யாரும் ஆராய்ச்சிக்கு வெளிக்கிட வேண்டாம். அது தற்செயல்.

இரண்டு மொழி ஒரே கல்லில் இருப்பது எவ்வளவு நுணுக்கமான விசயம் என்பதற்குக் காஸ்டெல்டுவிரானில் 1895இல் அறிஞர் கண்ணில் பட்ட கல்லைச் சொல்லலாம். இலத்தீன்: 'மெமோரியா வோட்டெபோரிகிஸ் ப்ரொட்டிக்டோரிஸ்'. காவலர் என்ற உரோமப் பட்டம் பெற்ற வோட்டெபோரிக்ஸின் நினைவு. ஓகத்தில் அதே ஆளின் பெயர் 'வோட்டெகோரிகஸ்'. இலத்தீனில் ப, ஓகத்தில் க. இது எழுத்துப் பிழை கிடையாது. வேல்ஸ்காரர் ப என்று சொல்கிற பல இடங்களில் ஐரிஷ்காரர் க என்று சொல்வார்கள். தலைக்கு அங்கே 'பென்', இங்கே 'கியன்'. நான்குக்கு அங்கே 'பெட்வர்', இங்கே 'கெஹர்'. ஆக, செதுக்கியவர் சும்மா எழுத்தை மட்டும் மாற்றவில்லை. ஒரே மனிதரை இரண்டு சமூகமும் எப்படி வாய்விட்டுக் கூப்பிடுமோ அப்படியே பொறித்திருக்கிறார். பட்டம் மட்டும் இலத்தீனில்தான் இருக்கிறது. ஓகத்தில் பட்டம் கிடையாது, வெறும் பெயர். அதிகாரம் எந்த மொழியில் இருந்தது என்பதை விளங்கிக்கொள்ள இதைவிட வேறு என்ன வேணும்?

ஆறாம் நூற்றாண்டில் கில்டாஸ் என்ற துறவி, அந்தப் பகுதியை ஆண்ட வோர்ட்டிபோரியுஸ் என்ற நரைத்த தலைக் கொடுங்கோலனைத் திட்டி எழுதியிருக்கிறார். கல் கிடைத்ததும் ஆய்வாளர்களுக்கு ஒரே சந்தோசம், ஆளைப் பிடித்துவிட்டோம் என்று. ஆனால் 'வோட்டெ' வேறு, 'வோர்ட்டி' வேறு, இரண்டும் ஒரே பெயராக இருக்க முடியாது என்று பின்னாளில் மொழியியலாளர்கள் சொல்லிவிட்டார்கள். எங்களுக்கு இது நல்லதாகவே படுகிறது. தன்னுடைய கல்லைத் தவிர வேறெங்கும் சுவடில்லாத ஒரு மனிதருக்கு, இன்னொருவரின் பாவத்தைத் தூக்கிச் சுமக்கும் வேலை குறைந்தது.

இந்தக் கற்களை நீண்டகாலம் 'தொடக்ககாலக் கிறிஸ்தவ நினைவுச் சின்னங்கள்' என்றே அழைத்தார்கள். 1950இல் நாஷ்-வில்லியம்ஸ் வெளியிட்ட பெரிய தொகுப்பின் தலைப்பும் அதுதான். 2007இலிருந்து வெளிவந்த புதிய மூன்று பாகத் தொகுப்பு தலைப்பை 'தொடக்க இடைக்காலப் பொறிப்புக் கற்களும் கற்சிற்பங்களும்' என்று மாற்றிக்கொண்டது. இந்த மாற்றம் நியாயமானது என்பது எங்கள் கட்சி. ஏனென்றால் முதல் இருநூறு வருடக் கற்களில் பலவற்றில் சிலுவையும் இல்லை, கடவுளும் இல்லை. இருப்பது ஒரு பெயர், அப்பாவின் பெயர், நடுவில் 'மகன்'. சிலது அதற்கும் மேலே போகும். மார்கம் மலையில் நின்ற போட்வோக்கின் கல், அவர் கட்டோட்டிகிர்னுஸின் மகன் என்பதோடு நில்லாமல், எட்டெர்னாலிஸ் வெடோமாவுஸின் பூட்டன் என்றும் சொல்கிறது. தேவாலயம் எதுவும் இல்லாத மலைமேட்டில், நாலு தலைமுறையை இழுத்து ஒரு கல்லில் போட வேண்டிய அவசியம் என்ன? பழைய ஐரிஷ் சட்ட நூல்கள், கல்லில் உள்ள ஓகத்தைக் காணி உரித்துக்குச் சாட்சியாக ஏற்றுக்கொள்கின்றன. அதை வைத்துப் பார்த்தால் இந்தக் கற்களில் பலவும் அஞ்சலி மட்டுமல்ல, உறுதிப்பத்திரமும்தான். இந்த நிலத்தில் எங்கட ஆள் கிடக்கிறார், ஆகவே இது எங்கட நிலம்.

அதற்காகச் சமயமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. வடக்கில் பென்மாக்னோ தேவாலயத்தில் உள்ள ஒரு கல்லின் உச்சியில் கிறிஸ்துவின் பெயரின் முதல் இரண்டு கிரேக்க எழுத்துகள் சேர்ந்த குறி. அதன் கீழே 'கரௌசியுஸ் இங்கே இந்தக் கற்குவியலுக்குள் கிடக்கிறார்' என்ற வரி. மேலே புதுச் சமயத்தின் குறி, கீழே கல்லைக் குவித்து மூடுகிற பழைய வழக்கம். அதே தேவாலயத்தில் இன்னொரு கல்: கான்டியோரிக்ஸ் இங்கே கிடக்கிறார், வெனடோட்டியாவின் குடிமகன், நீதவான் மாக்லுஸின் 'கொன்சொப்ரினோ'. வெனடோட்டியா என்பது குவினெத் இராச்சியம். உரோமர் போய் எவ்வளவோ காலத்துக்குப் பிறகும் 'குடிமகன்', 'நீதவான்' என்ற சொற்கள் இந்த மலைநாட்டில் மதிப்போடு இருந்திருக்கின்றன. அந்தக் கடைசிச் சொல்லைத் தமிழில் போட வெளிக்கிட்டால்தான் சிக்கல். ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் முடித்துவிடலாம். தமிழில் மச்சானா, ஒன்றுவிட்ட சகோதரமா என்று கேட்காமல் ஒரு அடி நகர ஏலாது.

இந்தக் கற்களின் இலத்தீனைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் நிறையப் பேர். 'யாகெட்' என்று வர வேண்டிய இடத்தில் 'யாகிட்', வேற்றுமை உருபுகள் எல்லாம் குழம்பிக் கிடக்கும். ஆனால் ஆட்கள் அந்தக் காலத்தில் அப்படித்தான் கதைத்தார்கள். புத்தக இலத்தீனிலிருந்து பேச்சு இலத்தீன் எவ்வளவு விலகிப் போயிருந்தது என்பதற்கு இந்த இடத்தில் எங்களுக்குக் கிடைக்கிற நேரடிச் சாட்சி இந்தப் 'பிழைகள்'தான். பிழையில்லாமல் வெட்டியிருந்தால் ஒன்றும் தெரிந்திருக்காது.

அரசர்களுக்கு வேறு மாதிரி. ஆங்கிள்சி தீவில் லாங்கட்வாலடர் தேவாலயச் சுவருக்குள் பதித்திருக்கிற கல், 625ஐ ஒட்டி இறந்த கட்வான் அரசரை 'அரசர்கள் எல்லாரிலும் மிகு ஞானமும் மிகு புகழும் உடையவர்' என்கிறது. சுருக்கமான மெய்க்கீர்த்தி. தாண்டிப் போவோம்.

இவ்வளவும் இன்று வாசிக்கக் கிடைப்பதில் ஒருவருக்குப் பெரிய பங்கு உண்டு. எட்வர்ட் லூயிட். 1691இலிருந்து ஒக்ஸ்போர்டின் அஷ்மோலியன் நூதனசாலைக்குப் பொறுப்பாக இருந்தவர். 1690களில் வேல்ஸ் முழுக்கத் திரிந்து கற்களைப் பார்த்துப் பார்த்துப் படியெடுத்தார். லாங்கொலனுக்குப் பக்கத்தில் நிற்கும் எலிசெக் தூணில், ஒன்பதாம் நூற்றாண்டில் கிங்கென் அரசர் தன் பூட்டனுக்காகப் பொறித்த நீண்ட இலத்தீன் வாசகம் இருந்தது. உள்நாட்டுப் போர்க் காலத்தில் தூணை உடைத்துவிட்டார்கள். 1696இல் லூயிட் விழுந்து கிடந்த துண்டில் முப்பத்தொரு வரியைப் படியெடுத்தார். இன்று தூணில் வாசிக்க ஒன்றுமே இல்லை. லான்தெவி பிரெவியில் நடந்தது இதைவிட மோசம். புனித தாவீதுக்குரியதைக் கொள்ளையிட்ட நேரம் கொல்லப்பட்ட இட்னெர்ட் என்பவரின் கல் அங்கே முழுதாக இருந்தது, லூயிட் அதை எழுதி வைத்தார். பிறகு தேவாலயத்தைத் திருத்திக் கட்டியவர்கள் அந்தக் கல்லை உடைத்துச் சுவர் கட்டப் பாவித்துவிட்டார்கள். வெளிச்சுவரில் துண்டுகள் இன்றும் தெரிகின்றன. அந்தத் துண்டுகளை மட்டும் வைத்து யாருடைய கல் என்று கண்டுபிடிக்க ஏலாது. அதை அழித்தவர்கள் எதிரிகள் அல்ல, அந்தத் தேவாலயத்துக்காகவே வேலை செய்தவர்கள். எங்களுக்கு உறுத்துவது அதுதான்.

இதுவரை நாங்கள் சொன்ன பெயர்களை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். ஒரு பெண் கூட இல்லை. கற்களிலும் ஏறக்குறைய அப்படித்தான். ஆங்கிள்சியின் லான்சாடூர்ன் கல்: 'பேறுபெற்ற சட்டுர்னினுஸும் அவருடைய புனித மனைவியும் இங்கே அடக்கம் செய்யப்பட்டுக் கிடக்கிறார்கள்'. புனிதவதி, ஆனால் பெயரில்லை. அதே தீவின் லான்ட்ரிசான்டில் இன்னொரு கல். மிகப் புனிதமான பெண், இறையடியாரான பிவாட்டிகிர்னுஸின் மிகுந்த அன்புள்ள மனைவி, ஒழுக்கத்திலும் ஞானத்திலும் ஊருக்கே எடுத்துக்காட்டு என்று வரிவரியாகப் புகழ்கிறது. கணவர் ஒரு குருவானவர். குருமார் மணம் முடித்திருந்த காலம் அது. இந்தப் பெண்ணுக்குப் பெயரும் பொறித்திருந்தார்கள், ஆனால் அந்த இடத்தில்தான் கல் சிதைந்திருக்கிறது. கடைசி எழுத்துகள் மட்டும் மிச்சம்: 'இவா'.

முழுப் பெயரோடு இருப்பவர்களும் உண்டு. எக்லுவிஸ் கமினில் 'குனிக்னுஸின் மகள் அவிட்டோரியா' இலத்தீனிலும் ஓகத்திலும் இருக்கிறார். மகளுக்கு ஓகத்தில் 'இனிகெனா'. லானெர்வில் என்ற ஊரின் கல், 'இந்தக் கல்லறையில் பட்டெர்னினுஸின் மகள் ரஸ்டிகா கிடக்கிறாள், வயது 13, சமாதானத்தில்' என்கிறது. இந்த வகைக் கற்களில் வயது போடுவது மிக அபூர்வம். பதின்மூன்று வயசுப் பிள்ளைக்குக் காணி உரித்தும் இல்லை, பட்டமும் இல்லை. கல் நட்டவர் வேறு எதற்காகவோ நட்டிருக்கிறார்.

வேல்ஸ் மொழி கல்லில் வருவதற்கு இன்னும் காலம் எடுத்தது. மேற்குக் கரையில் டவ்வின் ஊரிலுள்ள புனித கட்வான் தேவாலயத்துக்குள் ஒரு மெல்லிய தூண் நிற்கிறது. நான்கு பக்கமும் எழுத்து. பெரும்பாலும் ஒன்பதாம் நூற்றாண்டு என்கிறார்கள், அதற்கு முந்தியது என்பவர்களும் உண்டு. எஞ்சியிருப்பவற்றுள் வேல்ஸ் மொழியில் எழுதப்பட்ட மிகப் பழைய கல் இதுதான். இலத்தீன் அரசருக்கும் குருமாருக்கும், ஓகம் ஐரிஷ் தகப்பன்மாருக்கும் என்று போய்க்கொண்டிருந்தபோது, வீட்டுக்குள் பேசிய மொழி முதன்முதலில் கல்லேறியது யாருக்காக? பழைய ஆய்வாளர்கள் அதன் ஒரு பக்கத்தை 'கிங்கெனின் உடல் இதன் கீழே கிடக்கிறது' என்று வாசித்தார்கள். ஏதோ ஒரு ஆணின் பிரேதம். 20ஆம் நூற்றாண்டில் ஈவோர் வில்லியம்ஸ் எழுத்துகளைத் திரும்பப் பிரித்துப் பார்த்தார். 'உடல்' என்று வாசித்த 'கெலென்' ஒரு கணவரின் பெயர். அதற்கு முன்னால் இருப்பது 'பென்', அதாவது மனைவி. முன்பு நாங்கள் தலைக்குச் சொன்ன 'பென்' வேறு சொல். அதற்கும் முன்னால் மூன்றே எழுத்தில் ஒரு பெண்ணின் பெயர்: கின். இன்னொரு பக்கத்தில் அட்கானின் மனைவி டெங்ருமுய். கின்னின் பெயருக்குப் பிறகு இரண்டு சொல் வருகிறது, 'ட்ரிகெட் நிட்டானம்'. துயரமும் இழப்பும் தங்கியிருக்கின்றன என்று அவர் அதற்குப் பொருள் சொன்னார்.