தண்ணீர்ப் பந்தலும் தானக் கணக்கும்

சித்திரை மாதத்தில் கள்ளழகர் மலையிறங்கி வைகைக்கு வரும் வழியெங்கும் மண்டகப்படிகள். சாமி இளைப்பாறும் இடத்துக்குப் பக்கத்திலேயே, கூட வந்த சனம் இளைப்பாறவும் ஒரு பந்தல் இருக்கும். அங்கே நீர்மோர், பானகம், விசிறி எல்லாம் கிடைக்கும். யார் எவர் என்று கேட்காமல் கையில் தம்ளரைக் கொடுக்கிற இந்தச் செயலைத் திருவிழாவில் மனம் இளகுவதால் வருவது என்றே பலரும் எண்ணுகிறோம். பழைய சான்றுகளைப் பார்த்தால் அது அப்படித் திடீரென்று சுரந்ததாகத் தெரியவில்லை. யாரோ முன்கூட்டியே யோசித்து, நிலம் எழுதிவைத்து, ஆள் அமர்த்திச் செய்த வேலை அது. அப்படிச் சொல்வதால் அந்த ஈரம் குறைந்துபோவதில்லை. வழிப்போக்கரின் தாகத்தை அவர் வருமுன்னே நினைத்துப் பார்த்தவர்களின் பெருமை கூடவே செய்கிறது.

சோழர் காலக் கல்வெட்டுகளில் தண்ணீர்ப் பந்தலுக்கான அறக்கட்டளைகள் உண்டு. தண்ணீர் இறைப்பவர், பந்தலில் நின்று ஊற்றுபவர், பானை கொடுக்கும் குயவர் என்று ஆளுக்கு இவ்வளவு நெல் என எழுதிவைத்திருக்கிறார்கள். குடிக்க வருகிறவர் யாரென்று எழுதிவைத்தவருக்குத் தெரியாது. தாம் இறந்த பிறகும் ஊற்ற ஆள் வேண்டும் என்பதுதான் அவர் கவலை. சாலையோரச் சுமைதாங்கிக் கல்லும் இதே வகைதான். வயிற்றில் பிள்ளையோடு இறந்த பெண்ணின் நினைவாக, முகம் தெரியாதவரின் தலைச்சுமையை இறக்கிவைக்க ஒரு கல்லை நட்டார்கள். இந்த ஏற்பாட்டை மிக விரிவாகக் காட்டுபவை தஞ்சை மராட்டியர் சத்திரங்கள். 1799இல் தஞ்சை நாட்டின் ஆட்சி கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போன பிறகு, சேதுவுக்கு, அதாவது ராமேசுவரத்துக்கு, போகும் வழியிலுள்ள சத்திரங்களையாவது தன்னிடம் விட்டுவைக்கும்படி தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1801இல் கம்பெனியின் ரெசிடெண்ட் பெஞ்சமின் டோரினுக்குக் கடிதம் எழுதினார். அங்கே என்னென்ன நடக்கிறது என்று அதில் அவர் சொல்வதைப் படித்தால் நெஞ்சு நெகிழ்கிறது. நள்ளிரவில் மணியடித்து, இன்னும் சாப்பிடாதவர்களைக் கூப்பிட்டுச் சோறு போடுவார்கள். கைக்குழந்தைகளுக்குப் பால், நோயாளிக்கு வைத்தியர், பிரசவத்துக்கு வந்த பெண்ணுக்குப் பராமரிப்பு, வழியில் இறந்தவருக்கு ஈமக்கடன் எல்லாம் உண்டு. மழையில் மாட்டிக்கொண்டவர் மேலும் சில நாள் தங்கலாம். நடந்து களைத்தவருக்கு எந்தெந்த வேளையில் என்னென்ன நேரும் என்று உட்கார்ந்து எண்ணிப்பார்த்த மனத்தை ஒவ்வொரு வரியிலும் காண்கிறேன்.

இதெல்லாம் புண்ணியக் கணக்குதானே, இதில் கருணை எங்கே என்று கேட்கலாம். புண்ணியமும் பேரும் வேண்டித்தான் பலர் கொடுத்தார்கள். கல்லில் பெயர் வெட்டினார்கள். ஆனால் பெரியபுராணம் சொல்லும் அப்பூதியடிகள், தாம் அதுவரை கண்டிராத திருநாவுக்கரசரின் பெயரைத்தான் திங்களூர்ப் பந்தலுக்கு வைத்தார். தம் பெயரை வைக்கவில்லை. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இதைப் பாடும்போது, பந்தல் வைப்பது தொண்டின் அடையாளமாக ஊருக்கெல்லாம் புரிகிற ஒன்றாக இருந்திருக்க வேண்டும். கொடுத்தவரின் நோக்கம் எதுவானாலும் குடித்தவருக்கு அது கடனாகவில்லை. திருப்பிக் கொடுக்க முடியாதவருக்குக் கொடுப்பதே அதன் அமைப்பு.

இதைவிடக் கனமான மறுப்பு சாதியிலிருந்து வருகிறது. அதைப் பூசிமெழுகக் கூடாது. பிராமணருக்கு மட்டுமே இலை போட்ட சத்திரங்கள் பல இருந்தன. சிலருக்குப் பாத்திரத்தைத் தராமல் உயரத்திலிருந்து கையில் ஊற்றினார்கள். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டோரும் நாடார்களும் நுழைய 1939 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சரபோஜியின் கடிதம் பிராமணர் முதல் பறையர் வரை அனைவருக்கும் சோறு உண்டு என்கிறது. எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள் என்று அதை வைத்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை. ஆகவே அந்தக் கருணை அரைகுறையானது. ஆனாலும் கோயில் வாசலில் மறிக்கப்பட்டவருக்கும் சாலையில் தண்ணீர் கிடைத்தது. ஒரே திருவிழாவில் வாசல் ஒரு சட்டத்தையும் சாலை வேறொரு சட்டத்தையும் பின்பற்றின. சாலையின் சட்டமே பிற்காலத்தில் பரவியது என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

சாலை என்றால் நடப்பவர்களின் சாலை. 1914இல் பாம்பன் பாலம் திறந்து ரயில் கடலைத் தாண்டியதும், மாதக்கணக்கில் நடந்துவந்த சேது யாத்திரை சில நாள் பயணமானது. அந்த வழியிலிருந்த ஒரத்தநாட்டு முத்தம்பாள் சத்திரத்துக்கும் நீடாமங்கலத்து யமுனாம்பாள் சத்திரத்துக்கும் பசியோடு வந்து சேர்கிறவர்கள் அருகிப்போனார்கள். மக்களின் மனம் வறண்டதால் சத்திரங்கள் பாழாயின என்று அங்கலாய்ப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. கால்நடையாகப் போவது நிற்காத இடங்களில் பந்தலும் நிற்கவில்லை. தைப்பூசத்துக்குப் பழனி போகும் காவடிக் கூட்டத்துக்கும், செப்டம்பர் 8 திருநாளுக்காக வேளாங்கண்ணிக்குக் காவியுடுத்தி நடப்பவர்களுக்கும் வழியூர்க்காரர்கள் இன்றும் பந்தல் போடுகிறார்கள். நிலமானியம் போய், தெருவில் பிரித்த காசு வந்திருக்கிறது. நெல்லுக்கு ஊற்றியவரின் இடத்தில், வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்த இளைஞர் நிற்கிறார்.