ஆர்சி கார் பந்தயம்: மோட்டார் டைமிங்கைக் கூட்டும் முன் வெப்பத்தை அளந்து பாருங்கள்

கோல சிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், புக்கிட் ரோத்தான், தஞ்சோங் காராங் வட்டாரங்களில் செம்பனைத் தோட்டங்களை ஒட்டி வளர்ந்த இளைஞர்களுக்கு இயந்திர வேலை புதிதல்ல. கப்சாய் மோட்டார்சைக்கிளைப் பிரித்துப் பூட்டிப் பழகிய கைகளுக்கு, ஆர்சி எனப்படும் தூரக் கட்டுப்பாட்டுப் பந்தயக் காரும் விரைவில் பிடிபட்டுவிடும். ஆனால் ஒரே ஓர் இடத்தில் பலரும் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். அதுதான் பிரஷ்லெஸ் மோட்டாரின் டைமிங்.

டைமிங்கைக் கூட்டினால் கார் வேகமாக ஓடும் என்பது உண்மை. அந்த வேகத்திற்கு விலையாக மோட்டார் வெப்பத்தைக் கொடுக்கிறது என்பதும் உண்மை. இரண்டாவதை மறந்தால், மாதக் கணக்கில் சேர்த்து வாங்கிய மோட்டார் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வீணாகிவிடலாம்.

டைமிங் என்றால் என்ன?

பிரஷ்லெஸ் மோட்டாரின் நடுவில் சுழலும் ரோட்டார் ஒரு காந்தம். அதைச் சுற்றி அசையாமல் இருப்பவை மூன்று தொகுதிக் கம்பிச் சுருள்கள். ஈஎஸ்சி எனும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இந்தச் சுருள்களுக்கு மாறி மாறி மின்சாரம் கொடுக்கிறது. எந்தச் சுருளுக்கு எப்போது கொடுப்பது என்பதை, மோட்டாரின் பின் மூடியில் உள்ள மூன்று சென்சார்கள் காந்தத்தின் இருப்பிடத்தைப் பார்த்துச் சொல்கின்றன.

சுருளில் மின்சாரம் கொடுத்தவுடன் அது முழு அளவுக்கு ஏறிவிடாது. சிறிது நேரம் பிடிக்கும். மோட்டார் மெதுவாகச் சுழலும்போது இந்தத் தாமதம் பெரிதல்ல. வேகம் கூடக் கூட, சுருள் பலம் பெறுவதற்குள் காந்தம் கடந்து போய்விடும். அதனால் கொஞ்சம் முன்கூட்டியே மின்சாரம் கொடுக்க வேண்டியுள்ளது. எத்தனை பாகை முன்கூட்டி என்பதே டைமிங்.

மோட்டார்சைக்கிள் பழுதுபார்த்தவர்களுக்கு இது தெரிந்த கணக்குதான். பிஸ்டன் உச்சிக்கு வரும் முன்பே பிளக் பொறி விடுவது போன்றதே இதுவும். அளவோடு முந்தினால் இழுவை. அளவு மீறினால் சூடு.

கூடுவது என்ன, குறைவது என்ன?

டைமிங்கைக் கூட்டினால் மோட்டாரின் உச்சச் சுழற்சி வேகம் கூடும். நேர்பாதையின் முடிவில் கார் இன்னும் இழுக்கும். அதே வேளையில் மோட்டார் அதிக மின்சாரம் குடிக்கும். ஒவ்வோர் ஆம்பியர் மின்சாரத்திற்கும் கிடைக்கும் திருகுவிசை குறையும். வளைவிலிருந்து வெளியேறும்போது கார் மந்தமாகக் கிளம்பும். வீணாகும் மின்சாரம் முழுவதும் வெப்பமாக மாறும்.

அதனால் வளைவுகள் நெருக்கமாக உள்ள சிறிய தடத்திற்குக் குறைந்த டைமிங் பொருந்தும். நீண்ட நேர்பாதை உள்ள தடத்தில் கூடுதல் டைமிங் பயன் தரும்.

நம் ஊர் வெயிலில் கணக்கு வேறு

வெளிநாட்டு ஓட்டுநர்கள் தங்கள் கார் அமைப்பைத் தாளில் எழுதி வெளியிடுவது வழக்கம். அதிலுள்ள டைமிங் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வதில்தான் ஆபத்து இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 5 நிமிடப் பந்தயத்தில் ஒரு மோட்டார் சுற்றுப்புறத்தைவிட 45 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடாகிறது என்று வைத்துக்கொள்வோம். 20 டிகிரி உள்ள ஐரோப்பிய மண்டபத்தில் அது 65 டிகிரியில் நிற்கும். அதே மோட்டார், அதே அமைப்புடன், கோல சிலாங்கூரின் 33 டிகிரி பிற்பகலில் 78 டிகிரியைத் தொடும்.

பந்தயக்காரர்கள் பொதுவாக 70 டிகிரி வரை கவலையில்லை என்றும், 80ஐ நெருங்கினால் நிறுத்த வேண்டும் என்றும் கொள்கிறார்கள். இதற்குக் காரணம் உண்டு. ரோட்டாரில் உள்ள நியோடிமியம் காந்தத்தின் சாதாரண வகைகளுக்கு 80 டிகிரியே பாதுகாப்பு எல்லை. கூடுதல் வெப்பம் தாங்கும் வகைகளும் உள்ளன. ஆனால் வெளியே உலோகக் கூட்டில் அளப்பதைவிட உள்ளே சூடு அதிகம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். எல்லை மீறிச் சூடான காந்தம் வலுவிழந்தால், ஆறிய பிறகும் பழைய பலம் திரும்பாது. சுருளின் மேற்பூச்சு கருகினால் மோட்டார் முடிந்தது.

காலை 9 மணிக்குச் சரியாக இருந்த அமைப்பு பிற்பகல் 2 மணிக்குச் சரியாக இருக்காது. இறுதிச் சுற்றுகள் பெரும்பாலும் பிற்பகலில் நடப்பதால், காலையிலேயே எல்லையில் நிற்கும் மோட்டாரின் டைமிங்கைச் சற்றுக் குறைத்துக்கொள்வது நல்லது.

மாற்றும் முறை

முதலில் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். மோட்டாரின் பின் மூடியில் பாகை அளவுகள் பொறிக்கப்பட்டிருக்கும். தயாரிப்பாளர் வைத்த குறியை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிறுவனத்தின் 30 பாகையும் இன்னொரு நிறுவனத்தின் 30 பாகையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. நண்பரின் எண்ணை நம்பி உங்கள் மோட்டாரைத் திருப்ப வேண்டாம்.

மூடியின் திருகாணிகளைச் சற்றுத் தளர்த்தினால் போதும், கழற்ற வேண்டாம். சென்சார் தட்டை 2 அல்லது 3 பாகை மட்டும் திருப்பி மீண்டும் இறுக்குங்கள். ஏ, பி, சி என்று குறியிட்ட மூன்று கம்பிகளும் ஈஎஸ்சியில் அதே எழுத்துகளுக்கு நேராக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

பிறகு 2 நிமிடம் ஓட்டி நிறுத்தி, அகச்சிவப்பு வெப்பமானியால் உடனே அளவெடுங்கள். விரலால் தொட்டுப் பார்ப்பது அளவீடும் ஆகாது, கையும் வெந்துவிடும். 2 நிமிடத்திலேயே 65 டிகிரியைத் தாண்டினால் 5 நிமிடம் ஓட்ட வேண்டாம். குளிர்ச்சியாக இருந்தால் முழு நேரமும் ஓட்டி மீண்டும் அளவெடுங்கள்.

சுற்று நேரம், மோட்டார் வெப்பம், காற்றின் வெப்பம், டைமிங், பல் சக்கர அளவு ஆகிய ஐந்தையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது.

பல் சக்கரமும் சேர்ந்ததே

டைமிங்கைத் தனியாகப் பார்க்கக் கூடாது. மோட்டாரில் பூட்டும் சிறிய பினியனும், அது சுழற்றும் பெரிய ஸ்பர் சக்கரமும் இதில் பங்கு கொள்கின்றன. ஸ்பர் 80 பல், பினியன் 40 பல் என்றால் விகிதம் 2. பினியனை 38 ஆக்கினால் விகிதம் சுமார் 2.1 ஆகும்; மோட்டாரின் சுமை குறையும். டைமிங்கைக் கூட்டி மோட்டார் சூடாகிவிட்டால், பினியனில் ஒன்று அல்லது இரண்டு பல் குறைத்துப் பாருங்கள். கூடிய சுழற்சி வேகம் அப்படியே இருக்க, சூடு இறங்கும்.

போட்டி விதிகள்

21.5, 17.5, 13.5 என்பவை சுருளில் கம்பி எத்தனை முறை சுற்றப்பட்டுள்ளது என்பதைக் குறிக்கும். எண் குறையக் குறைய வேகமும் சூடும் கூடும். பல போட்டிகளின் ஸ்டாக் பிரிவில் ஈஎஸ்சி தானாக டைமிங்கைக் கூட்டக் கூடாது. கருவியின் விளக்கு மின்னி மின்னி அணைவதைப் பார்த்து நடுவர்கள் இதைச் சரிபார்ப்பார்கள். அதனால்தான் அதற்கு 'பிளிங்கி' என்று பெயர். அப்பிரிவில் மூடியைத் திருப்பி வைக்கும் டைமிங் மட்டுமே கைகொடுக்கும்.

திறந்த பிரிவுகளில் ஈஎஸ்சியில் 'பூஸ்ட்', 'டர்போ' எனும் வசதிகளைப் பயன்படுத்தலாம். பூஸ்ட், சுழற்சி வேகம் ஏற ஏற டைமிங்கைக் கூட்டும். டர்போ, முழு வேக விசையை அழுத்திய பின் கூட்டும். இவை மூடியில் உள்ள பாகைகளோடு சேர்ந்துகொள்ளும் என்பதால், இவற்றைப் போடும்போது மூடியின் டைமிங்கைக் குறைக்க வேண்டும்.

அறிகுறிகள்

முதல் 3 நிமிடம் நன்றாக ஓடிக் கடைசி நிமிடத்தில் கார் சோர்ந்தால் டைமிங் அல்லது பினியன் அதிகம். ஈஎஸ்சி தானாக நின்றுவிட்டால் அது எச்சரிக்கை. மீண்டும் ஓட்டிப் பார்க்க வேண்டாம். மோட்டார் 50 டிகிரிக்குள் இருந்தும் நேர்பாதையின் முடிவில் பின்தங்கினால், கூட்டுவதற்கு இன்னும் இடம் உண்டு.

பிள்ளைகள் இதைப் பொழுதுபோக்காகக் கற்றாலும், கல்வி வீண்போகாது. மின்சாரக் கார்களிலும் மின்சார மோட்டார்சைக்கிள்களிலும் அதிவேகத்தில் மின்சாரத்தை முந்திக் கொடுக்கும் இதே தத்துவம்தான் பயன்படுகிறது. தொழிற்பயிற்சிக்குச் செல்ல விரும்பும் மாணவருக்கு, அந்த ஐந்து அளவுகள் எழுதிய நோட்டுப் புத்தகமே முதல் பாடப் புத்தகமாக அமையும்.