உளித்தடமும் அச்சுப் பிழையும்: புதுக்கோட்டைப் புதையலை முன்வைத்து

1898ஆம் ஆண்டு, அன்றைய புதுக்கோட்டைச் சமத்தானத்துக் கருக்காக்குறிச்சியில் 501 உரோமானியப் பொற்காசுகள் கொண்ட புதையல் ஒன்று கிடைத்தது. அகசுடசு முதல் வெசுபாசியன் வரையிலான பேரரசர் காலத்தனவாகிய இக்காசுகளுள் மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலையுருவத்தின்மீது உளிவெட்டு ஒன்று காணப்படுகிறது. இதனை வெறுஞ் சிதைவு எனத் தள்ளுவதா, வரலாற்றுச் சான்றாகக் கொள்வதா என்பதை முடிவுசெய்யும் முன், இத்தடம் அச்சுக்கூடத்தில் நேர்ந்ததா, காசு வெளிவந்த பின்னர் நேர்ந்ததா என அறுதியிடுதல் வேண்டும்.

பண்டைய காசுகள் இரண்டு அச்சுகளுக்கிடையே உலோக வில்லையை வைத்துச் சம்மட்டியால் அடித்து ஆக்கப்பட்டவை. அச்சில் விரிசல் விழுந்தால், அவ்விரிசலுள் உலோகம் புகுவதால் காசில் அது மேடான கோடாகத் தோன்றும். அதே அச்சில் அடிக்கப்பட்ட பிற காசுகளிலும் அதே இடத்தில் காணப்படும். வில்லை விலகியிருப்பின் உருவத்தின் ஒரு பகுதி விளிம்புக்கு வெளியே போய்விடும். அடி இருமுறை விழுந்து வில்லை நகர்ந்திருப்பின் எழுத்துகள் இரட்டித்துக் காணும். முன்னர் அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொண்டால் அடுத்த காசின் ஒரு பக்கத்தில் மறுபக்க உருவமே குழிந்து, இடவலம் மாறிப் பதியும். இவை யாவும் அச்சுப் பிழைகள். உலோகம் அடிபடும் கணத்தில் உருவானவை.

பின்னர் விழுந்த வெட்டு இவற்றின் வேறானது. அது மேடாக நில்லாமல் பள்ளமாக இறங்கும். உருவம், எழுத்து, வெற்றிடம் என வேறுபாடு பாராமல் அனைத்தையும் அறுத்துச் செல்லும். இருமருங்கும் உலோகம் பிதுங்கி வரம்பு கட்டியிருக்கும். வெட்டு ஆழமாயின் மறுபக்கம் அதற்கு நேரே தட்டையாகவும் கூடும். புதுக்கோட்டைக் காசுகளின் வெட்டு இவ்வகையினது. பல அச்சுகளில், பல பேரரசர் பெயரில் அடிக்கப்பட்ட காசுகளில் ஒரே இடத்தில், அதாவது தலையில், அது அமைந்திருப்பது அச்சுப் பிழை, தற்செயல் என்னும் இரண்டையும் விலக்குகிறது. பொன்னின் தரம் காண்பதே நோக்கமாயின் விளிம்பில் ஒரு கீறல் போதும். முகத்தைத் தேடி வெட்ட வேண்டியதில்லை.

இக்காசுகளை ஆராய்ந்த ஜி. எஃப். ஹில், புழக்கத்திலிருந்து நீக்குவதற்காகவே அவை வெட்டப்பட்டன எனக் கருதினார். அயல்நாட்டு அரசனின் ஆணையை மறுக்கும் செயல் இது என்பாரும் உளர். இவ்விரு விளக்கங்களுள் ஒன்றைத் தேர்வதற்கு வெட்டின் விளிம்பே துணைசெய்யும். விளிம்பு தேய்ந்து மழுங்கியிருப்பின், வெட்டிய பின்னும் காசு கைமாறியது எனலாம். கூர்மை கெடாதிருப்பின் வெட்டுக்கும் புதைப்புக்கும் இடைப்பட்ட காலம் குறுகியது எனலாம். வருத்தத்திற்குரியது யாதெனில், பழைய காசுகளைப் பளபளப்பாக்கும் வழக்கம் இவ்விளிம்பையே முதலில் அழித்துவிடுகிறது. முகப்புப் பக்கத்தின் படத்தை மட்டும் வெளியிடும் பட்டியல்களும் இவ்வகை ஆய்வுக்கு உதவுவதில்லை.

மேற்பரப்புத் தடங்களைக் கொண்டு எவ்வளவு கூறமுடியும் என்பதைத் தட்சசீலத்து வெள்ளி முத்திரைக் காசுகளைப் பற்றிய டி. டி. கோசாம்பியின் ஆய்வு காட்டியது. அவற்றின் பின்பக்கத்துச் சிறு குறிகள் மிகும்தோறும் சராசரி எடை குறைவதை அவர் நிறுத்துக் கண்டார். குறிகள் காசு பழகப் பழக இடப்பட்டவை என்பது அதனால் பெறப்பட்டது.

துளைகளும் இவ்வாறே நோக்கத்தக்கவை. ஆந்திர, கருநாடகப் பகுதிகளில் கிடைத்த பிற்கால உரோமானியப் பொற்காசுகள் சிலவற்றில் பேரரசர் தலைக்கு மேலே இரு துளைகள் உள்ளன. அவற்றில் நூல் கோத்துத் தொங்கவிட்டால் தலையுருவம் நேராக நிற்கும். புதுக்கோட்டையில் வெட்டுக்கு இலக்கான அதே முகம், இங்கு அணிபவர் மார்பில் நிமிர்ந்து தோன்றும்படி அமைக்கப்பட்டுள்ளது.